சொல்லைத் தேடும் நிரல்

நிரல் எழுதத் தொடங்குவோருக்கு முதற்பயிற்சியாகத் தரப்படுவனவற்றுள் அகராதிச் செயலியும் ஒன்று. திரையில் ஒரு பெட்டி. அதனருகே ஒரு பொத்தான். சொல்லைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால் பொருள் தோன்ற வேண்டும். ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தரும் இணையச் சேவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை இணைத்து, மாணவர் ஒரு பிற்பகலில் பணியை முடித்துவிடலாம். கேள்வி எவ்வாறு செல்கிறது, விடை எவ்வாறு வருகிறது என்பதை அறிய அது போதும். ஆயினும், அங்கே மாணவர் செய்தவை பெட்டியும் பொத்தானும் மட்டுமே, அகராதி பிறருடையது. தமிழ் மாணவர் தம் முதற்செயலியைத் தாமே திரட்டிய இருநூறு தமிழ்ச் சொற்களைக் கொண்டு உருவாக்குவதே நன்று. இதற்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமன்று. அவ்வழியில் கற்பது பன்மடங்கு மிகுதி.

முதலில் எதிர்ப்படுவது வரிசை. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துச் செய்யுளில் தந்தன. அவை மனப்பாடம் செய்வோருக்கு உரியவை. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியோ சொற்களை அகரவரிசையில் நிறுத்தியது. பொருள் அறியாத சொல்லையும் எழுத்தைப் பற்றிக்கொண்டு தேட அவ்வரிசை உதவியது. கணினி அதனை இயல்பாக அறியாது. ஒருங்குறியின் எண்வரிசையில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எனவே, எளிய வரிசையாக்கக் கட்டளை ‘மறை’யை ‘மலை’க்கு முன்னே வைத்துவிடும். ஒப்பிடும் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட்டால் இப்பிழை நீங்கும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்று விடை தருவதும் இத்தகையதே. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது.

இவை சிறு இடர்கள். பெரிய இடர், செயலியை மற்றொருவர் பயன்படுத்தும்போது வெளிப்படும். அகராதியில் ‘மரம்’ இருக்கிறது. அவர் ‘மரத்தில்’ என்று தட்டச்சு செய்கிறார். சொல் இல்லை என்கிறது செயலி. ஆங்கிலத்திலும் சொற்கள் உருமாறுவதுண்டு. எனினும், சாரியையும் வேற்றுமை உருபும் அடுக்கி வரும் தமிழில் இது அன்றாட நிகழ்வு. ‘த்தில்’, ‘த்தை’ என முடியும் சொல்லில் அப்பகுதியை நீக்கி ‘ம்’ சேர்க்குமாறு மாணவர் ஒரு விதி எழுதுகிறார். ‘மரத்தில்’, ‘மரத்தை’ இரண்டும் ‘மரம்’ ஆகின்றன. மகிழ்ச்சி நெடுநேரம் நீடிப்பதில்லை. அதே விதி ‘முத்தை’ என்பதை ‘மும்’ ஆக்கிவிடுகிறது! ‘தத்தை’ என்னும் கிளியோ ‘தம்’ ஆகிறது. ஆகவே, சொல்லை உள்ளவாறே முதலில் தேட வேண்டும்; கிடைக்காதபோதுதான் விதியைப் பொருத்த வேண்டும்; விதி தரும் வடிவமும் அகராதியில் இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும். இவ்வளவு செய்தும் ‘வேலை’ என்பது பணியா, வேல் என்னும் படைக்கலத்தின் இரண்டாம் வேற்றுமையா என்பதைத் தனிச்சொல்லைக் கொண்டு நிரல் தீர்மானிக்க இயலாது. இரண்டையும் காட்டுவதே நேர்மையான விடை.

வினைச்சொல்லில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘வந்தான்’ என்பதிலிருந்து ‘வா’ என்னும் பகுதியை அடைய, பகுதி குறுகியதையும் சந்தி திரிந்ததையும் நிரலுக்குச் சொல்லித்தர வேண்டும். மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதப்பட்டுவரும் பகுபத உறுப்பிலக்கணம் இங்கே இன்றியமையாத கருவியாகிறது. மனிதருக்கு ‘விகாரம்’ என்று ஒரு சொல்லில் சொல்லி நகர்ந்துவிடலாம். எந்த எழுத்து, எவ்விடத்தில், எதுவாக மாறியது என்று சொன்னாலன்றிக் கணினி நகராது. இலக்கணத்தைப் புரிந்துகொண்டோமா என்பதைச் சோதிக்க இதனினும் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது.

ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கும்போது, மாணவரின் இருநூறு சொற்கள் எதற்கு என்று கேட்கலாம். பொருள் அறிய வேண்டுவோர் பேரகராதியை நாடுவதே முறை. மாணவரின் செயலி அதனோடு போட்டியிட வந்ததன்று. ஆனால், எச்சொல்லைச் சேர்ப்பது, அதன் பொருளை எப்படி வரையறுப்பது என்னும் முடிவுகளை ஆயத்த அகராதி மாணவரிடம் விடுவதில்லை. கமலை இறைத்த முதியவர் ஒருவரிடம் சென்று ‘சால்’ என்றால் என்னவென்று கேட்டால், நீர் முகக்கும் கலம் என்பார். ஏர் கிழித்துச் செல்லும் கோடும் சால்தான் என்பார். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று அமைத்திருந்த நிரலை, பொருள்களின் பட்டியலை ஏற்கும்படி அன்று மாலையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். எந்த ஊரில், யாரிடம் கேட்டது என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.