ஒரு வயசுகூட ஆகாத குழந்தைக்கு வேட்டை லைசென்ஸா? அமெரிக்காவில் இது எப்படி சாத்தியம்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் நவம்பர் வந்தால் 9 நாள் மான் வேட்டை சீசன். துப்பாக்கியோடு குடும்பமே காட்டுக்குக் கிளம்பிடும். அங்கே 2017-ல் ஒரு வயது நிரம்பாத 10 குழந்தைகளின் பெயரில் வேட்டை லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. எல்லாமே சட்டப்படிதான்!

விதி என்ன?

1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள், பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் இருந்தால்தான் வழக்கமான லைசென்ஸ் வாங்க முடியும். 12, 13 வயதுக்காரர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் போகணும். 14 ஆகிவிட்டால் தனியாகவே போகலாம்.

இதில் ஒரு விலக்கு இருக்கு. 18 வயது நிரம்பிய வழிகாட்டி ஒருவர் கூடவே வந்தால் பயிற்சி தேவையில்லை. ஆனால் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். இதற்கான குறைந்தபட்ச வயது 10 ஆக இருந்தது. 2017 நவம்பரில் அன்றைய ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்ட சட்டம் அந்த வரம்பையே நீக்கிவிட்டது.

கைக்குழந்தை துப்பாக்கி தூக்கப்போவதில்லை, அது பெற்றோர் ஆசைக்கு வாங்கியதாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது இன்னொரு மாற்றம். முன்பு வழிகாட்டிக்கும் சிறுவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயுதம்தான். இப்போ ரெண்டு பேரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். தன் கையிலும் துப்பாக்கி, கண் மான் மேல்... பக்கத்தில் இருக்கும் 6 வயசுப் பிள்ளையை யார் கவனிப்பது?

பிள்ளை எப்போ தயார்னு முடிவு செய்ய வேண்டியது பெற்றோர்தான், அரசு இல்லை என்பது ஆதரவாளர்களின் வாதம்.

பின்னணியில் பணம்

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் எண்ணிக்கை அப்போது குறைந்து வந்தது. மத்திய அரசின் சர்வேபடி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2011-ல் 1.37 கோடி பேர்; 2016-ல் 1.15 கோடி பேர். இதனால் காட்டுயிர்த் துறைகளுக்கு ஏன் கவலை? அவற்றின் வருமானத்தில் லைசென்ஸ் கட்டணம் முக்கியமானது. 1937-ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியும் மாகாணங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அதில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையும் ஒரு கணக்கு. தலை குறைந்தால் பங்கும் குறையும். அதான் சின்ன வயசிலேயே ஆள் பிடிக்கும் அவசரம்.

டெக்சாஸிலும் குறைந்தபட்ச வயது கிடையாது. 9 வயதுக்குக் கீழே என்றால் கட்டாயம் பெரியவர் துணை வேண்டும். 9 முதல் 16 வரை பயிற்சி அல்லது துணை, ஏதாவது ஒன்று போதும். துணைக்கு வருபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் தெரியுமா? சாதாரணமாகக் கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரம்!