ராமானுஜன் தானாக முளைத்தாரா?

டிசம்பர் 22 வந்தால் போதும்... மேடைக்கு மேடை ஒரே வசனம்தான். "ராமானுஜன் யாரிடமும் கற்காமல் தானாகவே மேதை ஆனார். நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் சொன்னாள்." கைதட்டல், மிட்டாய். கணித தினம் முடிந்தது!

இந்தக் கதையில் ஒரு வசதி இருக்கிறது. மேதை தானாக முளைப்பான் என்றால் கல்லூரிகளுக்குப் பொறுப்பே இல்லை பாருங்கள்!

நடந்தது என்ன? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் கோட்டை விட்டார், உதவித்தொகை போனது. அடுத்து பச்சையப்பன் கல்லூரி. அது அப்போது இருந்தது பாரிமுனைப் பக்கம். அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. கணிதம் வந்தது, மற்றது வரவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

அந்தக் கல்லூரியிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் துறைமுகம். 1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா ஆனார். அங்கே கணிதம் தெரிந்த நாராயண ஐயர் அவரோடு சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார். தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவு தந்தார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். 1913-ல் பட்டமில்லாத அந்த குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை! ஹார்டிக்குக் கடிதம் போனதும் அதே ஆண்டு ஜனவரியில், துறைமுக வேலையில் இருந்தபோதுதான்.

ஆக, படிப்பு சொல்லித் தரும் இடம் வெளியே தள்ளியது. சரக்குக் கணக்கு பார்க்கும் இடம் அடையாளம் கண்டது. வெட்கப்பட வேண்டியது யார்?

இழப்பு சின்னதாக இருந்திருக்காது. அவர் ஹார்டியோடு சேர்ந்து 1918-ல் வெளியிட்ட எண் பிரிவினைச் சூத்திரம் பின்னாளில் அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை எண்ண உதவியது. ரோஜர்ஸ்-ராமானுஜன் சமன்பாடுகள் 1980-ல் பாக்ஸ்டரின் புள்ளியியல் இயற்பியல் மாதிரி ஒன்றில் வந்து நின்றன. சாகும் ஆண்டான 1920-ல் எழுதிய மாக் தீட்டா சார்புகளைக் கருந்துளை ஆராய்ச்சிக்காரர்கள் இன்று புரட்டுகிறார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். மாவு மில் நடத்திய ஜார்ஜ் கிரீன் தானே படித்து 1828-ல் மின்சாரம், காந்தம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஆனாலும் பிராம்ஹெட் என்ற ஒருவர் அதைப் படித்துக் கைகொடுத்த பிறகுதான், 40 வயதில் கேம்பிரிட்ஜ் போக முடிந்தது.

"அரியர் வைத்தவனெல்லாம் ராமானுஜனா?" என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் யார் ராமானுஜன் என்று மார்க் ஷீட்டை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்தீர்களா? அன்றும் முடியவில்லையே!

இன்றும் டோல்கேட் பஸ் ஸ்டாண்டில், கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு நடுவே, ஒரு பேப்பர் போனதால் படிப்பை விட்டு துறைமுகத்தில் கூலி வேலை தேடும் பையன் நிற்கலாம். ராயபுரத்தில் ராமானுஜனுக்கு மியூசியம் இருக்கிறது, நல்லது. ஆனால் அந்தப் பையனுக்குத் தேவை மியூசியம் இல்லை. அவன் நோட்டைத் திறந்து பார்க்கும் ஒரு நாராயண ஐயர்.

மேதைக்கு மாலை போடுவது சுலபம். நோட்டைத் திறந்து பார்ப்பதுதான் கஷ்டம்!