கொழுந்தன் கொண்டு வந்த துப்பாக்கி

"அண்ணி, ஒரு துப்பாக்கி வாங்கி வந்திருக்கிறேன்!" என்றான் என் கொழுந்தன், பெட்டியைத் திறந்துகொண்டே. விமான நிலையத்தில் எத்தனை சோதனை, எத்தனை கேள்வி! அத்தனையையும் தாண்டி இவன் எப்படி வந்தான் என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். அவன் எடுத்துக் காட்டியதோ, கைப்பிடியை அழுத்தினால் 'டக்'கென்று கம்பிப் பின் அடிக்கும் சாமான். ஆபீஸில் காகிதம் தைக்கிற ஸ்டேப்ளருக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஸ்டேப்ளர் கன் என்று பெயராம்.

அமெரிக்காவில் பாதி வீடுகளை இதுதான் கட்டுகிறது என்று அவன் சத்தியம் செய்தான். கையில் புதுச் சாமான் இருக்கிற ஆண்பிள்ளையைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? அந்தச் சமயம் பார்த்து, ஜவ்வாது மலையிலிருந்து என் சிநேகிதி எழுதியிருந்தாள். திருப்பத்தூர் மாவட்டத்தில், மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் அவள் ஆசிரியை. வீட்டோடு ஒட்டி ஓர் அறை எடுத்திருந்தாள். மண் சுவர், தகரக் கூரை, அதன் கீழே மெல்லிய பலகை தைத்த மச்சு. ஒயரிங் மட்டும் பாக்கி. ஒயர்மேன் இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"இரண்டு நாளா? இரண்டு மணி நேர வேலை" என்றான் கொழுந்தன்.

மலைப் பாதையின் வளைவுகளையும், சாமை விளைகிற சரிவுகளையும், என் வயிறு பட்ட பாட்டையும் இன்னொரு வாரம் சொல்கிறேன். போய்ச் சேர்ந்த அன்றைக்கே பிற்பகலில், பலகை மச்சின் மேல் மூன்று ஒயர்களை வரிசையாக வைத்து, டக், டக், டக் என்று அடித்து முடித்துவிட்டான். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. சிநேகிதியின் ஏழு வயதுப் பெண் கை தட்டினாள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான்.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் தாழ்வாரத்தில் கூரையைத் தாங்குகிற இரும்புக் குழாய்த் தூணில் கம்பி கட்டி, குழந்தையின் பள்ளிச் சீருடையைக் காயப் போட்டிருந்தார்கள். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. "ஐயோ, துணி!" என்று சிநேகிதி எழுந்து ஓடினாள். அவள் வாசற்படி தாண்டுவதற்குள் வீடு முழுவதும் இருண்டுபோயிற்று.

மழை பெய்தால் கரண்ட் போவது மலையில் அதிசயமா? ஆனால் எதிர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டார்ச் எடுத்துப் பார்த்தோம். மீட்டருக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு சுவிட்சு கீழே விழுந்து கிடந்தது. கொழுந்தன் மேலே தள்ளினான், விழுந்தது. மறுபடி தள்ளினான், மறுபடி விழுந்தது. "இது ரொம்பத் தொட்டாற்சுருங்கி. இதை விட்டுவிட்டு நேராக இணைத்துவிட்டால்..." என்று ஆரம்பித்தான். "தம்பி, விடியட்டும்" என்றாள் சிநேகிதி. அவள் குரல் வகுப்பில் எழுகிற குரல். அவன் பேசாமல் உட்கார்ந்துவிட்டான். துணி இரவெல்லாம் மழையில் நனைந்தது.

காலையில் ஒயர்மேன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசுகிறவர் அல்ல. மச்சை அண்ணாந்து பார்த்தார். மீட்டர்ப் பலகையைப் பார்த்தார். மெயினை அணைத்துவிட்டு ஏணி கேட்டார். பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்தார். ஒன்றைப் பிடுங்கியதும் நின்று, "டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

அந்தப் பின்னின் ஒரு கால், ஒயரின் மேல் தோலைக் கிழித்துச் செப்புக்கம்பியைத் தொட்டிருக்கிறது. பின் 14 மில்லிமீட்டர். பலகையோ 10 மில்லிமீட்டர்தான் கனம். மிச்சமிருந்த நுனி பலகையைத் துளைத்து வெளியே போய்க் கூரைத் தகரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. தகரத்துக்கு வந்தது தூணுக்கும் வந்தது. தூணுக்கு வந்தது துணிக் கம்பிக்கும் வந்தது. மண் காய்ந்திருந்த வரை சுவிட்சுக்குத் தெரியவில்லை. மழையில் தூணின் அடி ஈரமானதும் மின்சாரம் பூமிக்குள் இறங்க வழி கிடைத்தது, சுவிட்சும் விழுந்தது.

சிநேகிதி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைக் கூப்பிட்டு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏழு வயதுக் குழந்தையை! கொழுந்தனின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனமில்லை.

விழுந்த அந்தச் சுவிட்சுக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். பக்கத்திலேயே இருக்கும் எம்.சி.பி. வேறு ஜாதி, ஒயர் தாங்காத அளவுக்கு மின்சாரம் பாய்ந்தால்தான் அது விழும். கூரை வழியாகக் கசிகிற கொஞ்சத்தை அது சட்டை செய்யாது. வீட்டில் போடுகிற ஆர்.சி.சி.பி.யோ, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைத்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு குமிழ் இருக்கிறதே, மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். உங்கள் பலகையில் அப்படி ஒன்று இல்லையென்றால், அடுத்த புடவைக்கு முன் அதை வாங்குங்கள்.

கொழுந்தன் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் வீட்டின் எலும்புக்கூடே மரம். அங்கே உள்ளே ஓடுகிற ஒயர், இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து மேலே இன்னொரு கனமான உறை போட்ட கேபிள். அதை நாலரை அடிக்கு ஒன்றாவது, பெட்டிக்கு ஓரடிக்குள் ஒன்றாவது ஸ்டேப்பிள் அடித்து நிறுத்த வேண்டும் என்பது அங்கே விதி. தட்டைக் கேபிளை ஒருக்களித்து வைத்து அடிக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அதற்கென்று பிளாஸ்டிக் முதுகு வைத்த ஸ்டேப்பிளும் அதை அடிக்கிற தனித் துப்பாக்கியும் உண்டு. இவன் கொண்டு வந்ததோ தட்டை முதுகு வைத்த வெறும் கம்பிப் பின். அடித்ததோ ஒற்றை உறை போட்ட நம் ஊர் ஒயரின் மேல். அங்கே விளக்குக்கு வருவது 120 வோல்ட்; இங்கே 230.

நம் வீடுகளோ செங்கல்லும் சிமெண்டும். சுவரில் அடித்தால் பின் வளைந்து திரும்பி நம் மேலேயே வரும். மண் சுவரில் அடித்தால் நிற்கவே நிற்காது. நம் தாத்தா காலத்துக் கட்டை ஒயரிங்கை நினைவிருக்கிறதா? தேக்கு ரீப்பர் மேல் ஒயர் ஓடும். அதைத் தகரக் கிளிப் மடித்துப் பிடித்திருக்கும். ஆணி கிளிப்பின் நடுவில்தான், ஒயரைத் தொடாது. "படுக்கையா போனா 10 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, நெட்டா போனா 15க்கு ஒண்ணு. அடிச்சு அடிச்சுக் கட்டைவிரல் வீங்கிடும்" என்று ஒயர்மேன் சிரித்தார். இப்போது பைப்புக்குள் ஒயரை விட்டு, பைப்பைச் சாடில் வைத்துத் திருகுகிறார்கள். அன்று அவர் செய்ததும் அதுதான். அடிபட்ட ஒயர் ஓரங்குலம்கூட மறுபடி போடவில்லை. முடித்ததும் மெகர் என்ற பெட்டியை இணைத்து முள்ளைப் பார்த்தார். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் கரண்ட் கொடுக்கவே மாட்டாராம்.

அப்படியானால் துப்பாக்கியைக் குப்பையில் போடுவதா? வேண்டாம். மரத்தின் மேல் துணி, வலை, ரெக்ஸின், மெல்லிய அட்டை எதையாவது பிடிக்க வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. ஸோபாவுக்குத் துணி மாற்ற வருகிறவர் கையில் பாருங்கள், காற்றில் ஓடுகிற துப்பாக்கி இருக்கும். நாள் முழுக்க அடிக்கிறவருக்கு அதுதான் சரி. கம்ப்ரஸரை ஏறக்குறைய 4 முதல் 7 பார் வரை வைத்துக்கொள்வார்கள். பின் சிக்கிக்கொண்டால் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் விரலை உள்ளே விடுவார்கள். வீட்டுக்கு நல்ல இரும்பில் செய்த கைத்துப்பாக்கி போதும். ஆனால் கடையிலேயே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் கைக்கு இலகுவாக இருப்பது நம் கைக்கு இலகுவாக இராது. எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

பின் வாங்குவதில்தான் ஏமாறுகிறோம். பெட்டியில் 1008, 1010, 1013 என்று எண் போட்டிருக்கும். கடைசி இரண்டு இலக்கம் காலின் நீளம், மில்லிமீட்டரில். பிடிக்கிற பொருளின் கனத்தையும் பலகையின் கனத்தையும் கூட்டுங்கள். கால் அதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். தேக்குப் போன்ற கெட்டி மரத்துக்குக் குட்டைக் கால். மெதுவான மரத்துக்குச் சற்று நீளம். உங்கள் துப்பாக்கியின் மேல் எந்த எண் எழுதியிருக்கிறதோ அந்த ஜாதிப் பின்தான் அதற்குச் சேரும். விலை மலிவு என்று வேறு வாங்கினால் பத்து அடிக்குள் சிக்கும். சென்னை போல் கடற்காற்று வீசும் ஊரில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுப் பின்னாகக் கேளுங்கள். கொசுவலை கிழிவதற்கு முன் பின் கரைந்துபோன ஜன்னல் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மரத்தின் ரேகையோடு பின்னை வைத்து அடித்தால் மெல்லிய சட்டம் பிளக்கும். சற்றுச் சாய்த்து அடியுங்கள்.

அழைப்பு மணி ஒயர், டெலிபோன் ஒயர் போன்ற சின்ன வோல்ட் ஒயர்களை மரச் சட்டத்தில் ஓட்ட, முதுகு வளைந்த பின் அடிக்கிற தனித் துப்பாக்கி இருக்கிறது. அடித்த பிறகு ஒயரை இழுத்தால் நழுவ வேண்டும்; நசுங்கி நின்றால் அந்தப் பின்னைப் பிடுங்கிவிடுங்கள். சுவரில் ஓடுகிற டெலிவிஷன் கேபிளுக்கு, ஒற்றை ஆணி வைத்த வெள்ளைக் கிளிப் கடையில் கிடைக்கிறதே, அது போதும்.

ஊர் திரும்புகிற அன்று காலையில் ஒயர்மேன் மறுபடி வந்தார், கூலியில் பாக்கி வாங்க. திண்ணையில் கிடந்த துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, ஜன்னலுக்குக் கொசுவலை வாங்கி வச்சிருக்காங்களாமே?" என்றார். கொழுந்தன் தயங்கித் தயங்கி எழுந்தான். ஒருவர் வலையை இழுத்துப் பிடிக்க, ஒருவர் அடிக்க, கால் மணியில் இரண்டு ஜன்னலும் முடிந்தன. குழந்தை மிச்சப் பின்னைக் கேட்டாள். சிநேகிதி பெட்டியை வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டாள்.