கடலில் தொலைவா, பொழுதா?

கொங்கணக் கரையோரம் சிறுபடகில் செல்லத் திட்டமிடுவோர் பலர், தங்குமிடங்களுக்கு இடையேயான தொலைவைச் சாலை வரைபடத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றனர். வாசிஷ்டி ஆற்றின் கழிமுகத்தில் தாபோளும் தோபாவேயும் எதிரெதிர்க் கரைகள். சாலையோ சிப்ளூண் வரை உள்வாங்கிச் சுற்றுகிறது. நேர்கோட்டு அளவும் உதவாது. முனைகளையும் பாறைகளையும் அது அறியாது.

கடல் வரைபடத்தில் கவராயத்தால் எடுத்த தொலைவைப் பக்க விளிம்பின் அகலாங்கில் வைத்துப் படிப்பதே முறை. பாகையின் 60-இல் ஒரு பங்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. மேல்விளிம்பின் நெட்டாங்கில் படித்தால், 17 பாகையை ஒட்டிய ரத்னகிரிப் பகுதியில் தொலைவு ஏறத்தாழ 4.5 விழுக்காடு மிகுந்து தோன்றும். (நல்லவேளை, குறைத்துக் காட்டும் பிழையன்று.)

இத்தனைக்குப் பின்னும் கிடைப்பது பாதி விடையே. 5 நாட் வேகப் படகு 20 கடல்மைலை 4 மணியில் கடக்கும். 1 நாட் எதிர்நீரோட்டம் இருப்பின் 5 மணி ஆகும். அரபுக் கடலோடிகளின் ‘ஸாம்’ என்பது மூன்று மணிநேர ஓட்டம். தமிழிலும் ‘நாழிகைவழி’ உண்டு. (மூன்று மணிநேரச் ‘சாமம்’ நினைவுக்கு வரலாம், ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.) இவற்றைத் துல்லியமறியாப் பழமை என ஒதுக்குவது பிழை. ஓதம் ஏறியிருக்கையில் மட்டுமே மணல்திட்டைக் கடக்கவியலும் கழிமுகங்களில், பிந்திய அந்த ஒரு மணி, படகை இரவு முழுதும் வெளிக்கடலில் நிறுத்திவிடும்.