வீடு வீடாகப் போன பிள்ளை

என் பேத்தி போட்டிருந்த கறுப்புப் பனியனில் மஞ்சள் கோட்டில் ஒரு கோணல் முகம். கண்களுக்குப் பதில் இரண்டு பெருக்கல் குறி. "யாரம்மா இது?" என்றேன். "நிர்வாணா, தாத்தா" என்றாள். நம் காதுக்கு விபரீதமாக ஒலித்தாலும் அவர்கள் சொல்வது முக்தியைத்தானாம். ராக் இசைக்குழுவின் பெயர். அதன் பாடகர் கர்ட் கோபெய்னைப் பற்றி பிரெட் மார்கன் 2015-ல் எடுத்த 'மான்டாஜ் ஆஃப் ஹெக்' என்ற டாக்குமெண்டரியைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். பாட்டு வரும் இடங்களில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். டீசல் லோகோ ஷெட்டில் காலம் தள்ளியவன் இதைச் சொல்வது வேடிக்கைதான்.

கோபெய்ன் 1967-ல் அமெரிக்காவில், மரத்தொழிலை நம்பியிருந்த அபர்டீன் என்ற சிற்றூரில் பிறந்தவர். வீட்டிலேயே எடுத்த பழைய ஃபிலிமில் பொன்னிறத் தலையோடு துள்ளுகிறது குழந்தை. ஒன்பது வயதில் பெற்றோர் விவாகரத்து. பிறகு அப்பா வீடு, அம்மா வீடு, தாத்தா பாட்டி வீடு, உறவினர் வீடுகள். எங்கும் நிலைக்கவில்லை. 1991-ல் 'நெவர்மைண்ட்' இசைத்தட்டால் உலகப்புகழ். ஹெராயின் பழக்கம். 1994 ஏப்ரலில், 27 வயதில் தற்கொலை. அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத மகள்தான் பின்னாளில் இப்படத்தின் தயாரிப்பில் பங்கேற்றிருக்கிறார்.

படத்தில் சொல்வதில் பெரும்பகுதி பொய் என்று அவருடைய பழைய நண்பர் பஸ் ஆஸ்பார்ன் அப்போதே எழுதினார். இருக்கலாம். ஆனால் பையன் வீடு வீடாகப் போனதை யாரும் மறுக்கவில்லை.

இதை நம் சங்கத்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அமெரிக்காக்காரன் குடும்பம் அப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. விவாகரத்து இல்லாமலே நாமும் அதைத்தான் செய்தோம், படிப்பு என்ற பெயரில்.

1996-ல் எனக்கு இடார்சிக்கு மாற்றல். ஆறாம் வகுப்புப் போக வேண்டிய மகனைத் திருச்சியில் என் அக்கா வீட்டில் விட்டேன். இரண்டு வருஷம் கழித்து மதுரையில் மைத்துனர் வீடு. பிறகு ஹாஸ்டல். எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று அவனை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்தி மீடியத்தில் படித்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? பக்கத்து குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அங்கேயே படித்து இன்று நன்றாகத்தான் இருக்கிறார்கள். வரும் ஜூனில் பிள்ளையை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உண்டு. டிக்கெட் ரிசர்வ் செய்வதற்கு முன் அந்தப் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

படம் பார்த்த அன்றிரவு புனேயிலுள்ள மகனுக்கு ஃபோன் செய்தேன். "அந்த அஞ்சாறு வருஷம் உனக்கு எப்படிடா இருந்தது?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீங்க எழுதின இன்லண்ட் லெட்டர் எல்லாம் வெச்சிருக்கேன்பா. எல்லாத்துலயும் மார்க்தான் கேட்டிருப்பீங்க" என்றான், கோபமில்லாமல்.

முடிந்தால் நீயும் இந்தப் படத்தைப் பார் என்றேன்.

"அது வந்த வருஷமே பார்த்துட்டேன்பா" என்றான்.