துப்பாக்கி உரிமம்: கொடுத்த பிறகும் கண்காணிப்பு வேண்டும்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையல்ல. நிபந்தனைகளுடன் அரசு தரும் அனுமதி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அமெரிக்காவில் இருப்பதுபோல ஆயுதம் தாங்கும் அடிப்படை உரிமை இந்திய அரசியல் சாசனத்தில் இல்லை என்பதை உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது.

இந்த நிலைப்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878இல் கொண்டுவரப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் பெறக் கட்டாயப்படுத்தியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. இந்தப் பாகுபாட்டை விடுதலை இயக்கம் தொடர்ந்து எதிர்த்தது. 1930இல் இர்வின் பிரபுவிடம் காந்தி வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதற்காகத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எல்லோருக்குமான உரிமையாக எழுதிவைத்தால், குற்றத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அது போய்ச்சேரும் என்பது அவரது வாதம். திருத்தம் தோற்றது.

உரிமம் பெறுவதற்கான படிகள் இன்று கடுமையானவை. பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல் துறை விண்ணப்பதாரரின் பின்னணியை விசாரித்து அறிக்கை தர வேண்டும். உயிருக்கு அச்சுறுத்தல், பயிர்ப் பாதுகாப்பு, துப்பாக்கி சுடும் விளையாட்டு போன்ற தகுந்த காரணம் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பாதுகாப்புப் பயிற்சி, உடல்நலமும் மனநலமும் குறித்த மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவற்றையும் சேர்த்தன. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 திருத்தச் சட்டம் இரண்டாகக் குறைத்தது. கல்யாண வீட்டிலும் ஊர்வலத்திலும் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் அது வழிசெய்தது.

ஆனால் இந்தக் கெடுபிடியில் பெரும்பகுதி உரிமம் கைக்கு வரும்வரைதான். அதன் பிறகு அரசின் பார்வை தளர்ந்துவிடுகிறது. துப்பாக்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்த அதே 2019 திருத்தம், உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. ஐந்து ஆண்டில் ஒரு மனிதரின் வாழ்க்கை எவ்வளவோ மாறும். குடிப்பழக்கம் முற்றலாம்; பங்காளித் தகராறு பகையாகலாம்; மனநலம் குலையலாம். விண்ணப்பித்த நாளில் வாங்கிய மருத்துவச் சான்று இவற்றில் எதையும் சொல்லாது. பொது அமைதிக்கு ஊறு நேரும் என்றால் உரிமத்தை இடையிலேயே நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தகவல் வந்து சேராதபோது அந்த அதிகாரத்தால் பயனில்லை.

உரிமம் வழங்கும் கட்டத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை ஜம்மு காஷ்மீர் காட்டியது. அங்கே 2012 முதல் 2016 வரை சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக எழுந்த புகாரை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. கையெழுத்து விலைபோனால், சட்டப் புத்தகத்தில் உள்ள நிபந்தனைகள் அனைத்தும் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடும்.

கட்டுப்பாடு சட்டத்தை மதிப்பவரை மட்டுமே வாட்டுகிறது என்று எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ அமைப்பின் 2017 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் சுமார் 7.1 கோடி, அவற்றில் பதிவானவை 97 லட்சம் மட்டுமே. பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் கள்ளத்தனமாகத் தயாராகும் கைத்துப்பாக்கிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தேர்தல் வந்தால் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் விவசாயியும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. கள்ளத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. இதற்குத் தீர்வு உரிமத்தைத் தாராளமாக்குவதல்ல. கள்ளப் பட்டறைகளை ஒடுக்குவதும், தேர்தல் காலத்தில் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காமல் ஆளுக்கு ஆள் ஆராய்ந்து முடிவெடுப்பதும்தான்.

கர்நாடகத்தின் குடகு வேறொரு பாடம் தருகிறது. அங்கே கொடவ இனத்தாருக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து ஆங்கிலேயர் காலம் தொட்டு விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. கைல்பொல்து திருநாளில் துப்பாக்கிக்குப் பூஜை செய்யும் சமூகம் அது. ஆயுதத்தைக் குடும்ப கௌரவமாகக் கருதுமிடத்தில் அதை எடுத்தாள்வதற்கும் ஊர்க் கட்டுப்பாடு இருக்கும். அத்தகைய மரபு இல்லாத ஊர்களுக்கு அந்த விலக்கை விரிக்க முடியாது. மரபு செய்யும் வேலையை அங்கே சட்டம்தான் செய்ய வேண்டும்.

ஆயுதத்தை அடிப்படை உரிமையாகக் கொண்ட அமெரிக்காவிலும் வரம்பு உண்டு. தனிநபர் உரிமையை 2008இல் ஹெல்லர் வழக்கில் உறுதிசெய்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அது எல்லையற்றதல்ல என்றும் சொன்னது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கும் சட்டத்தை 2024இல் 8-1 என்ற பெரும்பான்மையில் ஏற்றது. அங்கே துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். திருடனுக்கு அஞ்சி வாங்கிய ஆயுதம் வீட்டாரையே பலிகொள்ளும் ஆபத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டிவைப்பது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது, மனம் தளர்ந்த காலத்தில் தானே முன்வந்து ஒப்படைப்பது ஆகியவை உரிமதாரரின் கடமைகள். இவற்றை அவரது நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஐந்தாண்டு உரிமத்தின் நடுவில் ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனையும் ஆயுதம் வைக்கும் இடத்தின் ஆய்வும் நடக்க வேண்டும். உரிமதாரர் மீது வன்முறை வழக்கோ குடும்ப வன்முறைப் புகாரோ பதிவானால், காவல் நிலையம் அன்றே உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். முறைகேடாக உரிமம் தந்த அதிகாரி, அந்த ஆயுதத்தால் விளையும் குற்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நேர்மையான உரிமதாரர் எவருக்கும் இவற்றால் இழப்பில்லை. துப்பாக்கி கையில் இருக்கும்வரை அதை வைத்திருக்கும் தகுதியும் நீடிக்கிறதா என்று பார்ப்பதே நியாயமான ஒழுங்குமுறை.