கன அளவும் ஆயுளும்

குதிரைவலு என்ற சொல்லுக்கு இளைஞர்களிடம் உள்ள கவர்ச்சி இன்று நேற்று ஏற்பட்டதன்று. வட அமெரிக்காவின் மணல்மேடுகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஓடும் விளையாட்டு ரக நாற்சில்லு மோட்டார் வண்டிகள், அதாவது ஏ.ரி.வி. எனப்படும் வாகனங்கள், இதற்கு நல்லதோர் உதாரணமாகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டனைப் பொருத்துவது அங்கு பலருக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கன அளவு கூடினால் வலு கூடும் என்பதில் ஐயமில்லை. அந்த வலுவுக்கு விலை கொடுப்பது எது என்று கேட்போர்தான் குறைவு.

ஹொண்டா நிறுவனம் 1999இல் அறிமுகப்படுத்திய ரி.ஆர்.எக்ஸ். 400 இ.எக்ஸ். வண்டியை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 85 மில்லிமீற்றர். பிஸ்டனின் வீச்சு 70 மில்லிமீற்றர். கன அளவு 397 சி.சி. காற்றினால் குளிர்விக்கப்படும் எளிய எஞ்சின் அது. அழுத்த விகிதம் 9.1க்கு 1 மட்டுமே. நீண்ட காலம் உழைக்கும் வண்டி என்று அது பெயரெடுத்தமைக்கு இந்த அடக்கமும் ஒரு காரணம்.

விட்டத்தை 87 மில்லிமீற்றர் ஆக்கினால் 416 சி.சி. கிடைக்கும், 89 ஆக்கினால் 435. நான்கு மில்லிமீற்றர்தானே என்று தோன்றலாம். ஆனால் பிஸ்டனின் தலைப்பரப்பு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. எரிவாயுவின் அழுத்தம் மாறாவிட்டாலும், இணைப்புத் தண்டின் மீதும் பெயரிங்குகள் மீதும் விழும் சுமை அதே அளவு உயரும். வெப்பமும் கூடும், அதனை வெளியேற்றும் தகடுகளோ பழைய அளவிலேயே இருக்கும். கடைந்த சுவர் அளவுக்கு மீறி மெலிந்தால் சூட்டில் வட்டம் குலையும், பிஸ்டன் வளையங்களின் பிடி தளரும், எண்ணெய் எரியும்.

இத்துடன் அழுத்த விகிதத்தையும் உயர்த்துவோர் உண்டு. கலிபோர்னியாவின் நிரப்பு நிலையங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் உயர்தரப் பெற்றோல் 91 ஒக்ரேன் கொண்டது. அது தாங்காத அழுத்தத்தில் எரிபொருள் தாறுமாறாக வெடித்து எரியும். இறுதியில் பிஸ்டனே துளைபடும். வீச்சை நீட்டுவோரின் நிலையும் வேறல்ல. 70 மில்லிமீற்றரை 76 ஆக்கினால், நிமிடத்துக்கு 8000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 18.7 மீற்றரிலிருந்து 20.3 மீற்றராக உயர்கிறது.

தயாரிப்பாளர்கள் கன அளவைக் கூட்டவில்லையா என்று கேட்கலாம். கூட்டினார்கள். யமஹாவின் ராப்ரர் 660, 2001இல் வந்தது. 2006இல் ராப்ரர் 700 வந்தபோது விட்டம் 100இலிருந்து 102 மில்லிமீற்றராக உயர்ந்தது. 84 மில்லிமீற்றர் வீச்சு மாறவில்லை. உண்மையில் கூடியது 26 சி.சி. மட்டுமே. ஆனால் ஐந்து வால்வுகள் நான்காயின. கார்பரேற்றர்கள் நீங்கி எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தது. பெயரில் 40 கூடியதையே பலரும் பார்த்தார்கள். பொறியியலாளர்களின் உழைப்பு அந்த 26 சி.சி.யைச் சுற்றியிருந்த மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

பந்தயத்துக்காக எஞ்சினை மாற்றுவோரிடம் எனக்கு வழக்கில்லை. இத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பின் அதனைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்தே இறங்குகிறார்கள். வார இறுதியில் பிள்ளைகளுடன் பாலைவனத்துக்குச் செல்பவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. முகாமிலிருந்து பல மைல் தொலைவில், கொளுத்தும் வெயிலில் எஞ்சின் இறுகி நின்றால், அது பழுதுச் செலவோடு முடியும் விடயமன்று. பாவித்த வண்டியை வாங்குபவரின் நிலை இன்னும் பரிதாபமானது. முன்னவர் உள்ளே என்ன செய்தார் என்பது வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை. எஞ்சினை மாற்றியவர் விற்கும்போது, விட்டம், பிஸ்டன், அழுத்த விகிதம் ஆகியவற்றை எழுதிக் கொடுப்பதே நேர்மை.

எனவே வரிசை முக்கியம். காற்று வடிகட்டியின் தூய்மை, காலம் தவறாத எண்ணெய் மாற்றம், வால்வு இடைவெளி, நிலத்துக்கேற்ற பற்சக்கரம் என்பன முதலில் வரவேண்டும். பிரேக்கும் அதிர்வுதாங்கியும் அடுத்து வரவேண்டும். கன அளவு கடைசியில் வரட்டும். அப்போதும் பெற்றோலுக்கு ஏற்ற அழுத்தம், கார்பரேற்றரின் மறுசீரமைப்பு, உறுதியான கிளட்ச் ஆகிய மூன்றும் இல்லாமல் வரவேண்டாம். மேட்டில் ஏறும் வலுவை விட, வீடு திரும்பும் வலுவே ஒரு வண்டிக்கு அழகு.